இணைதிறனை வைத்து வேதி வாய்பாடு எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், அம்மோனியாவில் மூன்று, மீத்தேனில் நான்கு. இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறவர்கள் பத்தாவது வாய்பாட்டில் களைத்துப்போவார்கள். இணைதிறன் தெரிந்தால் பெரும்பாலானவற்றை நாமே எழுதிவிடலாம். எது தப்பு என்றும் கண்டுபிடித்துவிடலாம். என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் லாபம்.

இந்தப் பக்கத்தில் குறியீடுகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எச் ஹைட்ரஜன், சி கார்பன், என் நைட்ரஜன், ஓ ஆக்சிஜன், எஃப் ஃபுளூரின், சிஎல் குளோரின், எஸ் கந்தகம், பி பாஸ்பரஸ். மற்றவை வரும்போது சொல்கிறேன். கீழே சிறிதாக நிற்கும் எண், அதற்கு முன்னால் உள்ள அணு எத்தனை என்பதைக் காட்டும்.

இணைதிறன் என்றால் என்ன?

ஓர் அணு மற்ற அணுக்களோடு எத்தனை பிணைப்புகள் போடும் என்று சொல்லும் எண். முற்காலத்தில் ஹைட்ரஜனை வைத்து அளந்தார்கள். குளோரின் ஒரு ஹைட்ரஜனோடு சேர்ந்து எச்சிஎல் ஆகிறது, ஆகவே அதன் இணைதிறன் 1. ஆக்சிஜன் இரண்டோடு சேர்கிறது, 2. நைட்ரஜன் மூன்றோடு, கார்பன் நான்கோடு.

அணுவுக்கு அத்தனை கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணுக்கள் ஆளுக்கு ஒரு கை நீட்டிக் கோத்துக்கொண்டால் ஒரு பிணைப்பு. ஆளுக்கு இரண்டு கை கோத்தால் இரட்டைப் பிணைப்பு, மூன்று கோத்தால் முப்பிணைப்பு. எல்லாம் முடிந்த பிறகு எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருவதுதான்.

இலங்கையில் படித்தவர்களுக்கு: உங்கள் பாடநூலில் வலுவளவு என்று இருப்பது இதுவேதான்.

எந்தத் தனிமத்துக்கு எத்தனை கை? பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

நான்கை மட்டும் மனதில் வையுங்கள்: ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2, நைட்ரஜன் 3, கார்பன் 4. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வருவதால் மறக்காது. உயிருள்ளவற்றில் இருக்கும் சேர்மங்களில் பெரும்பங்கு இந்த நால்வரின் வேலைதான்.

மற்றவற்றுக்குத் தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். அதில் மேலிருந்து கீழாக நிற்கும் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு தொகுதி. 1ஆம் தொகுதிக்கு 1, 2ஆம் தொகுதிக்கு 2, 13க்கு 3, 14க்கு 4. அதற்கப்புறம் இறங்குமுகம்: 15க்கு 3, 16க்கு 2, 17க்கு 1, 18க்கு 0. காரணம் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிலையாக இருக்கும் என்பது பொது வழக்கம். ஆக்சிஜனிடம் ஆறு இருக்கிறது, இரண்டு குறைகிறது, ஆகவே இரண்டு பிணைப்பு. நைட்ரஜனிடம் ஐந்து, மூன்று குறைகிறது. ஹைட்ரஜனுக்கு மட்டும் இலக்கு எட்டு அல்ல, இரண்டு. பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான் என்ற கருத்தை 1916இல் முன்வைத்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஜி. என். லூயிஸ்.

நடுவில் இருக்கும் இரும்பு, செம்பு வகையறாக்களுக்கு இந்தக் கணக்கு நேராக வராது. அவற்றைப் பற்றிப் பின்னால்.

இரண்டு தனிமங்கள் சேரும்போது வாய்பாடு எழுதுவது எப்படி?

இரு பக்கக் கைகளும் சமமாக வேண்டும். அதற்கு மீச்சிறு பொது மடங்கு பார்த்தால் போதும்.

அலுமினியமும் (ஏஎல்) ஆக்சிஜனும்: கைகள் 3, 2. பொது மடங்கு 6. அலுமினியம் ஆறு கை தர வேண்டுமென்றால் 6 ÷ 3 = 2 அணு. ஆக்சிஜன் 6 ÷ 2 = 3 அணு. ஏஎல்₂ஓ₃.

கார்பனும் ஆக்சிஜனும்: 4, 2. பொது மடங்கு 4. கார்பன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு. சிஓ₂.

பாஸ்பரஸும் குளோரினும்: 3, 1. பொது மடங்கு 3. பிசிஎல்₃.

பள்ளியில் இதையே 'எண்களைக் குறுக்கே மாற்றிப் போடு' என்று சொல்லித்தருவார்கள். அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்குக் கீழே போகும், ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்குக் கீழே வரும். விடை அதேதான். ஆனால் ஏன் மாற்றிப் போடுகிறோம் என்று தெரியாமல் செய்தால் கார்பன், ஆக்சிஜனுக்கு சி₂ஓ₄ என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். எனக்குப் பொது மடங்குதான் பிடிக்கும். கணக்கு ஒரு வரி கூடும், குழப்பம் குறையும்.

ஆக்சிஜன் வாயு ஓ₂ தானே? அப்படியானால் தண்ணீர் எச்₂ஓ₂ என்றுதானே வர வேண்டும்?

நிறைய பேருக்கு வரும் சந்தேகம் இது. ஓ₂ என்பது ஆக்சிஜன் தனியாக இருக்கும்போது உள்ள நிலை. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் தங்களுக்குள்ளேயே இரண்டிரண்டு கையைக் கோத்துக்கொண்டிருக்கின்றன. ஹைட்ரஜனோடு வினைபுரியும்போது அந்தப் பிணைப்பு உடைந்துவிடும். பிறகு ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் தன் இரண்டு கையால் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். எனவே வாய்பாடு எழுதும்போது வாயு நிலையில் அது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை, தனி அணுவின் இணைதிறன் மட்டும் போதும். ஓ₂ தேவைப்படுவது சமன்பாடு எழுதும்போது.

எச்₂ஓ₂ என்ற பொருளும் உண்டு. காயம் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதில் நடுவே இரண்டு ஆக்சிஜன்கள் ஆளுக்கு ஒரு கையைத் தங்களுக்குள் கோத்துக்கொண்டு, மீதியுள்ள ஒரு கையால் ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கின்றன. கை எண்ணிக்கை சரியாக வருகிறது. பொது மடங்கு முறை இதை ஒருபோதும் தராது என்பதையும் கவனியுங்கள். ஒரே இனத்து அணுக்கள் தங்களுக்குள் கோத்துக்கொள்ளாது என்ற அனுமானம் அந்த முறைக்குள் ஒளிந்திருக்கிறது.

கிடைத்த எண்களை எப்போது சுருக்க வேண்டும்?

இணைதிறனிலிருந்து கணக்குப் போட்டு எழுதும்போது சுருக்கலாம். சி₂ஓ₄ என்று வந்தால் சிஓ₂. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு மூலக்கூறின் வாய்பாட்டைச் சுருக்கவே கூடாது. எச்₂ஓ₂ஐ எச்ஓ ஆக்கினால் பொருளே மாறிவிடும். அசெட்டிலீன் சி₂எச்₂, பென்சீன் சி₆எச்₆. இரண்டையும் சுருக்கினால் சிஎச் என்றுதான் வரும். ஒன்று வெல்டிங் பட்டறை வாயு, இன்னொன்று திரவம். சுருக்கிய வடிவத்துக்கு எளிய விகித வாய்பாடு என்று பெயர். அது விகிதத்தைச் சொல்லும், மூலக்கூறைச் சொல்லாது.

மூன்று தனிமங்கள் இருந்தால்?

படம் போட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. அதிகக் கை உள்ள அணுவை நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

ஹைட்ரஜன் சயனைடை எடுத்துக்கொள்வோம்: ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் ஒவ்வொன்று. நடுவில் கார்பன், நான்கு கை. ஒன்று ஹைட்ரஜனுக்குப் போகிறது. மீதி மூன்று, நைட்ரஜனிடம் மூன்று. முப்பிணைப்பு. எச்–சி≡என். கச்சிதமாக முடிந்தது.

ஃபார்மால்டிஹைடு: கார்பனின் இரண்டு கை இரண்டு ஹைட்ரஜனுக்கு, மீதி இரண்டும் ஆக்சிஜனுக்கு. சிஎச்₂ஓ.

வயலுக்குப் போடும் யூரியா: நடுவில் கார்பன், ஓர் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு. மீதி இரண்டு கையில் ஆளுக்கொரு நைட்ரஜன். ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் இன்னும் இரண்டு கை மிச்சம், அவற்றில் இரண்டிரண்டு ஹைட்ரஜன். சிஓ(என்எச்₂)₂.

கந்தக அமிலத்தையும் போட்டுப் பாருங்கள். எச்₂எஸ்ஓ₄. ஹைட்ரஜன்கள் கந்தகத்தில் நேராக ஒட்டியிருக்கவில்லை, ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருக்கின்றன. கந்தகத்துக்கு வழக்கமாக இரண்டு என்றாலும் இங்கே ஆறு கை (ஒரே தனிமத்துக்குப் பல இணைதிறன் வருவதைப் பின்னால் பார்ப்போம்): இரண்டு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு (நான்கு கை), இரண்டு ஓஎச் தொகுதிகளோடு ஒற்றைப் பிணைப்பு (இரண்டு கை).

இப்படிப் பந்துகளையும் குச்சிகளையும் வைத்து மூலக்கூறைக் கட்டிக் காட்டும் பழக்கம் பழையது. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் கிரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு வண்ணம் பூசிக் கொண்டுவந்து விளக்கினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. இன்றைக்கும் மாதிரிப் பெட்டிகளில் அதே வண்ணங்கள்தான்.

படம் போடாமலே ஒரு வாய்பாடு சரியா என்று சோதிக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆனால் பள்ளியில் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை.

முதலில் எல்லா அணுக்களின் கைகளையும் கூட்டுங்கள். ஒவ்வொரு பிணைப்புக்கும் இரண்டு கை செலவாவதால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் ஒரு கை தொங்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள சேர்மங்களில் ஹைட்ரஜன் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருப்பதன் ரகசியம் இது. சி₃எச்₇ என்று யாராவது எழுதினால் பார்த்தவுடனே தப்பு என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, மூலக்கூறில் அணுக்கள் எத்தனையோ, அதில் ஒன்று குறைத்த அளவுக்காவது பிணைப்புகள் வேண்டும். இல்லையென்றால் மூலக்கூறு ஒன்றாகச் சேர்ந்து நிற்காது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். சிஎச்₆ஐப் பாருங்கள். கைகள் 4 + 6 = 10, அதாவது ஐந்து பிணைப்பு. அணுக்கள் ஏழு, குறைந்தது ஆறு பிணைப்பு வேண்டும். நடக்காது.

மூன்றாவது, அதிகக் கை உள்ள அணுவின் கைகள் மற்ற எல்லோருடைய கைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த அணுவுக்குக் கோக்க ஆள் போதாது.

இந்த மூன்றையும் தாண்டிவிட்டால் ஒரு போனஸும் உண்டு. பிணைப்புகள் தேவைக்கு மேல் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். அந்த எண், மூலக்கூறில் உள்ள வளையங்களையும் கூடுதல் பிணைப்புகளையும் சேர்த்துச் சொல்கிறது. இரட்டைப் பிணைப்புக்கு ஒன்று, முப்பிணைப்புக்கு இரண்டு, வளையத்துக்கு ஒன்று.

சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேன், சி₄எச்₁₀. கைகள் 16 + 10 = 26, பிணைப்பு 13. அணுக்கள் 14, தேவை 13. மிச்சம் பூஜ்யம். எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, வளையம் இல்லை.

பென்சீன், சி₆எச்₆. கைகள் 24 + 6 = 30, பிணைப்பு 15. அணுக்கள் 12, தேவை 11. மிச்சம் 4: ஒரு வளையம், மூன்று இரட்டைப் பிணைப்பு.

காப்பியில் இருக்கும் கஃபீன், சி₈எச்₁₀என்₄ஓ₂. கைகள் 32 + 10 + 12 + 4 = 58, பிணைப்பு 29. அணுக்கள் 24, தேவை 23. மிச்சம் 6. கஃபீனின் அமைப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள்: இரண்டு வளையம், நான்கு இரட்டைப் பிணைப்பு. வாய்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட முடிகிறது!

வாய்பாடு தெரிந்தால் பொருள் எது என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. சி₂எச்₆ஓவை எடுங்கள். இரண்டு கார்பனையும் சேர்த்து வைத்து ஓரத்தில் ஓஎச் ஒட்டினால் எத்தனால். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். ஆக்சிஜனை இரண்டு கார்பனுக்கும் நடுவில் வைத்தால் டைமெத்தில் ஈதர். பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடும், அறை வெப்பநிலையில் வாயு. இரண்டிலும் எல்லாக் கையும் கோக்கப்பட்டிருக்கிறது. இப்படி ஒரே வாய்பாட்டில் வருபவற்றை மாற்றியங்கள் என்கிறோம்.

ஒரே தனிமத்துக்கு இரண்டு மூன்று இணைதிறன் இருக்கிறதே, எதை எடுப்பது?

பெயரைப் பாருங்கள், பெயரிலேயே இருக்கும். கந்தக டைஆக்சைடு என்றால் ஆக்சிஜன் இரண்டு, ஆகவே கந்தகத்துக்கு இங்கே 4. டிரைஆக்சைடு என்றால் 6. ஹைட்ரஜன் சல்பைடில் 2. பாஸ்பரஸுக்கு 3, 5 இரண்டும் உண்டு: பிசிஎல்₃, பிசிஎல்₅. அட்டவணையில் மூன்றாம் கிடைவரிசையிலிருந்து கீழே உள்ள அணுக்கள் பெரியவை, சுற்றிலும் அதிகப் பேரை வைத்துக்கொள்ள அவற்றுக்கு இடம் இருக்கிறது. நைட்ரஜனுக்கு அது முடியாது. என்சிஎல்₅ என்று ஒன்று கிடையாது.

உலோகங்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண் போடுவார்கள். இரும்பு (எஃப்இ) 2 அல்லது 3, செம்பு 1 அல்லது 2. காந்தக்கல்லான மேக்னடைட் ஒரு வேடிக்கை: எஃப்இ₃ஓ₄. ஆக்சிஜன் பக்கம் எட்டு, அதை மூன்று இரும்புக்குப் பங்கு போட்டால் முழு எண் வராது. உண்மையில் அதில் இரண்டு இரும்புக்கு 3, ஒன்றுக்கு 2. கூட்டினால் எட்டு.

இந்தக் கணக்குக்கு அடங்காத மூலக்கூறுகள் உண்டா?

உண்டு, அதுவும் நமக்கு நன்கு தெரிந்தவை.

நைட்ரிக் ஆக்சைடு, என்ஓ. கைகள் 3 + 2 = 5, ஒற்றைப்படை. ஒரு கை தொங்க வேண்டும், நிஜமாகவே தொங்குகிறது. ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரான் அதில் இருக்கிறது. நைட்ரஜன் டைஆக்சைடும் (என்ஓ₂) அப்படித்தான். பழுப்பு நிற வாயு. அதைக் குளிர்வித்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து என்₂ஓ₄ ஆகி நிறம் வெளுத்துவிடும். கணக்கு இங்கே தோற்றது என்று சொல்ல மாட்டேன். எந்த மூலக்கூறு ஜோடி தேடி அலையும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

கார்பன் மோனாக்சைடு (சிஓ) வேறு கதை. கார்பனுக்கு நான்கு, ஆக்சிஜனுக்கு இரண்டு, மேலே சொன்ன மூன்றாவது சோதனையில் விழுந்துவிடும். ஆனால் அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டினால் உருவாகி ஆளைக் கொல்லும் அளவுக்கு உண்மையான வாயு. அதில் இரண்டு அணுக்களுக்கும் நடுவே முப்பிணைப்பு இருக்கிறது. ஒரு ஜோடி எலக்ட்ரானை ஆக்சிஜன் மட்டுமே கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும்.

18ஆம் தொகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைதிறன் பூஜ்யம், யாரோடும் சேராது என்றுதான் ரொம்ப காலம் பாடம் நடத்தினார்கள். 1962இல் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றைத் தயாரித்துக் காட்டினார். பிறகு செனானுக்கு இரண்டு, நான்கு, ஆறு ஃபுளூரின் உள்ள சேர்மங்கள் எல்லாம் வந்துவிட்டன.

முதலில் வந்தது இணைதிறனா, வாய்பாடா?

வாய்பாடுதான், அதுவும் தப்பான வாய்பாடு. 1808இல் ஜான் டால்டன் அணுக் கொள்கையை விரிவாக எழுதியபோது தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார். இரண்டு தனிமங்களுக்கு இடையே ஒரு சேர்மம் மட்டும் தெரிந்திருந்தால் அதை ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்ளலாம் என்பது அவர் விதி. எடைகளை அளக்க முடிந்தது, அணுக்களை எண்ண முடியவில்லை. அதனால் ஆக்சிஜனின் அணு எடை ஹைட்ரஜனைப் போல 7 மடங்கு என்று அவருக்கு வந்தது. உண்மையில் 16.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கன அளவில் இரண்டுக்கு ஒன்று என்று சேர்வதை கே-லுசாக் காட்டினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள வாயுக்களில், சம கன அளவில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ சொன்னார். இரண்டையும் சேர்த்தால் எச்₂ஓ கிடைத்துவிடும். ஆனால் அவகாட்ரோவை வேதியியல் உலகம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கூடிய மாநாட்டில் இத்தாலியரான கானிசாரோ அந்தக் கருத்தை மறுபடி எடுத்து வைத்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இதற்கு நடுவே 1852இல் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆன்டிமனி ஆகியவை எதோடு சேர்ந்தாலும் மூன்று அல்லது ஐந்து பங்காகவே சேர்கின்றன. இணைதிறன் என்ற கருத்தின் தொடக்கம் இது. 1858இல் கெகுலேயும், தனியாக ஆர்ச்சிபால்ட் கூப்பரும் கார்பனுக்கு நான்கு என்றும், கார்பன்கள் தங்களுக்குள் சங்கிலியாகச் சேரும் என்றும் சொன்னார்கள். ஆய்வகத்தில் கிடைத்த வாய்பாடுகளைப் பார்த்துத்தான் இணைதிறன் பிறந்தது; அதனால்தான் இரண்டும் மோதினால் ஆய்வகத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

கண்டுபிடிக்காத தனிமத்தின் வாய்பாட்டைக்கூட இதை வைத்துச் சொல்ல முடியுமா?

சொல்லியிருக்கிறார்கள். 1871இல், தனிம வரிசை அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், சிலிக்கனுக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அங்கே வர வேண்டிய தனிமத்துக்கும் இணைதிறன் 4 தான் என்றார். ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜன், குளோரைடில் நான்கு குளோரின், குளோரைடு 100 டிகிரிக்குள் கொதிக்கும் என்றும் எழுதிவைத்தார். 1886இல் கிளெமன்ஸ் விங்க்லர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். ஆக்சைடும் குளோரைடும் மெண்டலீவ் சொன்ன அதே விகிதத்தில் இருந்தன. குளோரைடு கொதித்தது ஏறக்குறைய 85 டிகிரியில்.

இண்டியத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அதன் இணைதிறன் 2 என்று நினைத்து அணு எடையை 75.6 என்று வைத்திருந்தார்கள். அந்த எடைக்கு அட்டவணையில் இடமே இல்லை. மெண்டலீவ் இணைதிறனை 3 ஆக்கினார், எடையும் அதே விகிதத்தில் (75.6 ÷ 2 × 3) தானாக 113 ஆயிற்று, காலி இடத்தில் பொருந்திவிட்டது. இன்றைய மதிப்பு 114.8.

உப்பு, சுண்ணாம்பு, படிகாரம் இவற்றுக்கும் இதே முறையா?

கணக்கு அதேதான், ஆனால் அவை மூலக்கூறுகள் அல்ல. சாப்பாட்டு உப்பின் படிகத்தில் சோடியம் அயனியும் (மின்னூட்டம் பெற்ற அணு) குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒரு சோடியத்துக்கு இந்தக் குளோரின்தான் ஜோடி என்று காட்ட முடியாது. வாய்பாடு அங்கே விகிதத்தை மட்டும் சொல்கிறது. ஆகவே இங்கே தாராளமாகச் சுருக்கலாம்.

சில அணுக் கூட்டங்கள் ஒரே ஆளைப் போல நடந்துகொள்ளும். ஹைட்ராக்சைடு (ஓஎச்), நைட்ரேட் (என்ஓ₃), பைகார்பனேட் (எச்சிஓ₃), அம்மோனியம் (என்எச்₄) ஆகியவற்றுக்கு 1. சல்பேட் (எஸ்ஓ₄), கார்பனேட் (சிஓ₃) இரண்டுக்கும் 2. பாஸ்பேட்டுக்கு (பிஓ₄) 3. கால்சியத்துக்கு (சிஏ) இரண்டு, ஹைட்ராக்சைடுக்கு ஒன்று: நீற்றுச் சுண்ணாம்பு சிஏ(ஓஎச்)₂. அடைப்புக்குறியை விட்டுவிட்டு சிஏஓஎச்₂ என்று எழுதினால் ஆக்சிஜன் ஒன்றாகிவிடும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சவரக் கடையில் வைத்திருக்கும் படிகாரத்தில் பொட்டாசியம் (கே), அலுமினியம், சல்பேட் மூன்றும் இருக்கின்றன. கேஏஎல்(எஸ்ஓ₄)₂. பொட்டாசியம் 1, அலுமினியம் 3, மொத்தம் 4. அந்தப் பக்கம் இரண்டு சல்பேட், அதுவும் 4. இதோடு 12 தண்ணீர் மூலக்கூறுகளும் படிகத்தில் இருக்கும். மயில்துத்தத்தில் ஐந்து, சலவைச் சோடாவில் பத்து. இணைதிறனை வைத்து இந்தத் தண்ணீர்க் கணக்கைச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

இணைதிறனும் ஆக்சிஜனேற்ற எண்ணும் ஒன்றா?

இல்லை. இணைதிறன் பிணைப்புகளை எண்ணுகிறது, அதற்குக் கூட்டல் கழித்தல் குறி கிடையாது. ஆக்சிஜனேற்ற எண், எலக்ட்ரான்கள் யார் பக்கம் சாய்கின்றன என்று பார்க்கிறது. மீத்தேன், ஃபார்மால்டிஹைடு, கார்பன் டைஆக்சைடு மூன்றிலும் கார்பனின் இணைதிறன் 4. ஆக்சிஜனேற்ற எண்ணோ முறையே −4, 0, +4.

எந்தக் குறியீட்டை முதலில் எழுதுவது?

உலோகம் முன்னால், அலோகம் பின்னால். இரண்டும் அலோகம் என்றால் எலக்ட்ரானை அதிகமாக இழுப்பது பின்னால். அதனால்தான் ஃபுளூரினோடு சேரும்போது ஆக்சிஜன் முன்னால் வந்து ஓஎஃப்₂ ஆகிறது, குளோரினோடு சேரும்போது பின்னால் போய் சிஎல்₂ஓ ஆகிறது. என்எச்₃, சிஎச்₄ இரண்டும் வெறும் பழக்கம்.

நானே போட்டுப் பார்க்கச் சில கணக்குகள்?

முதலில் மூன்று எளியவை: சிலிக்கனும் (எஸ்ஐ) குளோரினும், நைட்ரஜனும் ஃபுளூரினும், கார்பனும் கந்தகமும். பிறகு கால்சியம் பாஸ்பேட். அப்புறம் நைட்ரஸ் அமிலம் எச்என்ஓ₂க்குப் படம். கடைசியாக, பாராசிட்டமால் சி₈எச்₉என்ஓ₂ சோதனையில் தேறுகிறதா, மிச்சம் எத்தனை?

விடைகள்: எஸ்ஐசிஎல்₄, என்எஃப்₃, சிஎஸ்₂. கால்சியம் பாஸ்பேட் சிஏ₃(பிஓ₄)₂, இரு பக்கமும் ஆறு. நைட்ரஸ் அமிலம் எச்–ஓ–என்=ஓ; ஹைட்ரஜனை நைட்ரஜனில் ஒட்டிப் பார்த்தாலும் மூன்று கையில் இரண்டுதான் மிஞ்சும், இரண்டு ஆக்சிஜனும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் கோத்து வளையமாக வேண்டியிருக்கும்; நிஜ அமிலம் அப்படி இல்லை. பாராசிட்டமாலுக்குக் கைகள் 32 + 9 + 3 + 4 = 48, பிணைப்பு 24; அணுக்கள் 20, தேவை 19; மிச்சம் 5. பென்சீன் வளையத்துக்கு நான்கு, கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு ஒன்று.